இல்லறத்தில் விஞ்ஞானம்: வீட்டுக் கடலுக்கு நுரை எடுக்கும் கருவி

அல்சூரிலிருந்து ஓர் அன்பர் விடுத்த கடிதம் இம்மாதம் நம் கைக்கு வந்திருக்கிறது. தங்கமீன் வளர்த்துப் பழகிய குடும்பம் அவருடையது. பிள்ளைகளின் வேண்டுகோளுக்கு இணங்கி, மூன்றடி நீளத்தில் பவளப்பாறைத் தொட்டி ஒன்றை வீட்டுக் கூடத்தில் அமைக்கத் துணிந்திருக்கிறார். கடைக்காரர், "ஸ்கிம்மர் இன்றிக் கடல் தொட்டி இல்லை" என்று சொல்லி ஐந்தாறு கருவிகளை எடுத்து முன்வைத்தாராம். ஒன்றின் விலை சில ஆயிரம். மற்றொன்றின் விலை அதைப்போல் எட்டு மடங்கு. "எல்லாமே நுரை எடுக்கும் என்கிறார்கள். எதை வாங்குவது? முதலில், வாங்கத்தான் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். கேள்வி சிறிது, விடை சற்று நீளமானது. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

புரோட்டீன் ஸ்கிம்மர் என்னும் பெயரைக் கண்டு மருள வேண்டுவதில்லை. அடுப்பில் துவரம்பருப்பு கொதிக்கும்போது மேலே வெண்ணுரை திரண்டு வருவதையும், நம் தாய்மார் அதனைக் கரண்டியால் வழித்து எறிவதையும் பார்க்காதவர் யார்? அதே வேலையைத்தான் இக்கருவி இரவு பகலாகச் செய்கிறது. மீனின் கழிவு, உண்ணாமல் எஞ்சிய தீனி, பாசியும் பிற உயிர்களும் விடும் வழுவழுப்பு ஆகியவற்றிலிருந்து நீரில் கரையும் புரதம் முதலிய பொருள்களுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. அவற்றின் மூலக்கூறில் ஒரு பகுதி நீரை நாடும். மற்றொரு பகுதி நீரை விட்டு விலகப் பார்க்கும். ஆகவே நீரும் காற்றும் சந்திக்கும் எல்லையில் போய் ஒட்டிக்கொள்வதே அவற்றுக்குச் சௌகரியம். ஒரு குழாயினுள் கோடிக்கணக்கான நுண்குமிழிகளைச் செலுத்தினால் அந்த எல்லை பல மடங்கு பெருகுகிறது. அழுக்கு குமிழியில் ஒட்டி மேலே ஏறி, குறுகிய கழுத்து வழியே நுரையாகப் பொங்கி, மேலிருக்கும் குடுவையில் தேங்குகிறது. தேநீர் நிறத்தில், மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு சேரும் அந்த நீரைக் கண்டபின், கருவியின் பயனைப் பற்றி எவரும் வாதிடுவதில்லை.

பெங்களூர்வாசிகளுக்கு இதனை விளக்க வேறொரு காட்சியும் உண்டு. அது பெருமைக்குரிய காட்சி அன்று. பெல்லந்தூர் ஏரியும் வர்த்தூர் ஏரியும் நுரைத்துப் பொங்கி, அந்நுரை காற்றில் பறந்து சாலையில் செல்வோர் மேல் விழுந்த செய்தியை நாம் மறக்கவில்லை. 2015 மே மாதத்தில் பெல்லந்தூர் நுரை தீப்பற்றி எரிந்ததை உலகமே பார்த்தது. வீடுகளிலிருந்து சுத்திகரிக்கப்படாமல் வந்த கழிவுநீரும் சலவைத்தூளும் ஏரியில் கலந்தன. கலிங்கில் நீர் விழுந்து காற்றோடு கலக்கும் இடத்தில் அவை நுரையாகத் திரண்டன. அங்கே நகரம் அறியாமல் செய்ததை, இங்கே ஒரு குழாய்க்குள் அடக்கி, அறிந்து செய்கிறோம்.

தங்கமீன் தொட்டிக்கு ஏன் இது வேண்டாம் என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகி விரைவில் மேலே சென்று வெடித்துவிடும். உப்பு நீரிலோ அவை எளிதில் இணைவதில்லை. பால் போல் நுண்ணியவையாகவே நெடுநேரம் மிதக்கும். ஆதலின் சிறிய வீட்டுக் கருவி உப்பு நீரில் மட்டுமே செவ்வனே வேலை செய்யும்.

இனி, வாங்கத்தான் வேண்டுமா என்னும் கேள்வி. ஜாகர்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்ப்பாறையும் காற்றுக் குமிழியும் மட்டும் கொண்டு பவளங்களை வளர்த்த முறையை 1961இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் வெளியிட்டார். அவரிடம் ஸ்கிம்மர் இல்லை. ஆனால் அவர் கடலோர நகரத்தில் வாழ்ந்தவர். சென்னை மெரினாவில் 1909இல் திறக்கப்பட்டு 1942இல் மூடப்பட்ட பழைய மீன்காட்சிசாலையும் கடலுக்கு எதிரிலேயே இருந்தது. நம் பெங்களூரோ கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், எந்தக் கடலுக்கும் 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ள ஊர். இங்கே ஒவ்வொரு லிட்டர் கடல்நீரையும் உப்பு வாங்கிக் கரைத்து நாமே செய்துகொள்ள வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 30 லிட்டர் நீர் மாற்ற ஒரு கிலோவுக்கு மேல் உப்பு. அதுவும் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கரைத்தல் ஆகாது; ஆர்.ஓ. முறையில் வடித்த நீர் வேண்டும். இவ்வளவு பாடுபட்டுச் செய்த நீரில் அழுக்கு அழுகி, அம்மோனியாவாகி, நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாகத் தேங்கு முன்பே அதனை வெளியே எடுத்துவிடுவது எவ்வளவு சிக்கனம் என்று சொல்ல வேண்டுவதில்லை. நீர் மாற்றுவதை இது முற்றிலும் தவிர்க்காது, குறைக்கும். 60, 70 லிட்டர் அளவுள்ள சிறு தொட்டியில் இரண்டே மீன் வளர்த்து, வாரந்தோறும் தவறாமல் நீர் மாற்றுபவர் ஸ்கிம்மர் இல்லாமலே காலந்தள்ளலாம். மூன்றடித் தொட்டிக்கு வாங்குவதே நலம் என்பது நம் கருத்து.

ஆனால் கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு. தொட்டியில் எவை வாழப் போகின்றன? அதனை விட்டுவிட்டுக் கருவியைத் தேடுவது, எத்தனை பேருக்குச் சமையல் என்று அறியாமல் அண்டா வாங்குவதை ஒக்கும். அன்பர் தம் கடிதத்தில், "ராமேசுவரம் பக்கத்திலிருந்து உயிருள்ள பவளம் தருவித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அந்த ஒரு வரி நம்மைத் திடுக்கிட வைத்தது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் அவ்வட்டாரம் உயிர்க்கோளக் காப்பகமும் ஆயிற்று. அதற்கு முன்னும், சட்டத்தை மீறி அதற்குப் பின்னும், சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் அங்கிருந்து பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டு தீவுகள் இன்று நீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. அலையைத் தடுத்து நின்ற பாறை போனபின் மணல் எப்படி நிற்கும்? பிறகு கடல்நீர் சூடேறி 2010இலும் 2016இலும் பவளங்கள் வெளிறின. இவ்வளவையும் தாங்கி எஞ்சியிருப்பதை உடைத்துத்தான் நம் வீட்டுக் கூடத்தை அழகு செய்ய வேண்டுமா?

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001இல், பாறை கட்டும் பவளங்கள், கரும்பவளம், குழாய்ப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை சேர்க்கப்பட்டன. கடற்குதிரையும் அவ்வாண்டே அதில் இடம் பெற்றது. புலிக்கு உள்ள காப்பு இவற்றுக்கும் உண்டு. முதல் அட்டவணை உயிர் பற்றிய குற்றத்துக்கு மூன்றாண்டுக்குக் குறையாத சிறை விதிக்க இடமிருக்கிறது. "கடையில் விற்கிறார்கள், வாங்கினோம்" என்பது விடையாகாது. உயிர்ப்பாறை என்று விற்கப்படும் துண்டுகளும் நம் கடலிலிருந்து வந்த பவளத்துண்டுகளாயின் இதே நிலைதான். வெளிநாட்டுப் பவளம் என்று சொல்லி விற்பவரிடம் இறக்குமதி அனுமதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிடில் வந்த வழியே திரும்புங்கள்.

அப்படியானால் தொட்டி வேண்டாம் என்கிறோமா? இல்லை. சுட்ட களிமண்ணாலும் சிமென்டாலும் செய்த பாறைகள் கிடைக்கின்றன. அவற்றின் நுண்துளைகளில் நல்ல நுண்ணுயிர்கள் குடியேறச் சில வாரம் பொறுத்தால், பாறையின் வேலையை அவை செய்யும். மீன்களில் கோமாளி மீன் குஞ்சுகளைக் கூடத்தில் பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் கண்டு நிலைநாட்டியிருக்கிறார்கள். அவ்வாறு பண்ணையில் பிறந்த மீனைக் கேட்டு வாங்கலாம். கடலில் பிடிபட்ட மீனைவிட அது தொட்டித் தீனிக்கு எளிதில் பழகும், பிழைப்பதும் அதிகம். சென்னை கொளத்தூர்ச் சந்தைக்குப் போகும் அன்பர்களும் இந்தக் கேள்வியைக் கேட்டே வாங்குக.

இப்போது பாருங்கள், கருவியின் கணக்கும் மாறிவிட்டது. பவளம் சூரிய ஒளி போன்ற விளக்கைக் கொண்டே பெரும்பகுதி உணவைத் தேடிக்கொள்ளும். மீனோ நம் கைத் தீனியால் வாழ்வது. தீனி போட்ட அளவுக்குக் கழிவும் உண்டு. ஆகையால் மீன் மட்டும் வாழும் தொட்டிக்கே ஸ்கிம்மரின் வேலை கூடுதல். தொட்டியின் அளவை மட்டும் பார்த்து வாங்காமல், மீனையும் தீனியையும் பார்த்து வாங்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

அன்பரின் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம் என்று கொள்வோம். கணக்குப்படி 182 லிட்டர். பாறை, மணல், மேலே விடும் இடைவெளி இவற்றைக் கழித்தால் 140 லிட்டர் அளவில் நீர் நிற்கும். தொட்டிக்கு அடியில் வைக்கும் சம்பில் 40 லிட்டர். (நம் ஊரில் தரைக்கடியில் காவேரி நீர் சேர்த்துவைக்கும் தொட்டியையும் சம்ப் என்றே வழங்குகிறோம், இது அதன் குட்டி என்க.) ஆக 180 லிட்டர். கருவியின் பெட்டியில் "500 லிட்டர் வரை" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது பெரும்பாலும் மிகக் குறைந்த மீன்கள் உள்ள தொட்டிக்குச் சொன்ன கணக்கு. உள்ளே இருக்கும் தாளைப் பிரித்துப் பார்த்தால், மீன் மிகுந்த தொட்டிக்கு 200 அல்லது 250 லிட்டர் என்று சிறிய எழுத்தில் வேறொரு எண் இருக்கக்கூடும். அந்தச் சிறிய எழுத்தையே நம்புக. இத்தொட்டியில் ஓர் இணை கோமாளி மீனும் வேறு இரண்டு மூன்று சிறு மீன்களும் வாழுமாயின், அவ்வளவு கொண்ட கருவி போதும்.

பெரியதாக வாங்கினால் இன்னும் நல்லதல்லவா என்று தோன்றும். இதில் பெரிது நல்லதன்று. நுரை கழுத்தில் நிலையாக ஏறுவதற்கு நீரில் போதிய அழுக்கு வேண்டும். அகன்ற கழுத்துடைய பெருங்கருவியைச் சிறு தொட்டியில் வைத்தால் நுரை பாதியில் விழுந்து விழுந்து போகும். தீனி போட்ட சிறிது நேரம் மட்டும் பொங்கும். இரைச்சலும் மின்செலவும் மட்டும் குறைவில்லாமல் நடக்கும்.

விலை பற்றி ஒரு செய்தி. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரசாயனப் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் பலவகை ஸ்கிம்மர்களை அளந்து சோதித்து, 2009இல் முடிவை வெளியிட்டார். நீரில் உள்ள கரிமப் பொருளில் 20 முதல் 30 சதவிகிதத்தை மட்டுமே அவை எடுத்தன. வகைக்கு வகை பெரும் வேறுபாடு காணப்படவில்லை. மீதியைப் பாறையின் நுண்ணுயிரும், கரித்தூளும், நீர் மாற்றமும்தான் கவனிக்க வேண்டும். ஆகவே எட்டு மடங்கு விலை கொடுப்பவர் எட்டு மடங்கு அழுக்கு வெளியேறும் என்று எதிர்பார்த்தல் வீண். அதிக விலைக்குக் கிடைப்பவை வேறு: ஓசையற்ற பம்பு, கழற்றிக் கழுவ எளிய அமைப்பு, உடைந்தால் கிடைக்கும் உதிரிப் பாகம். இவை அற்பமானவை அல்ல. படுக்கையறைச் சுவருக்கு அப்பால் இரவெல்லாம் ஓடும் கருவியில் ஓசையின்மை பெரிய குணமே. ஆயினும் நடுத்தர விலைக் கருவியே நம் குடும்பங்களுக்கு ஏற்றது. எஞ்சும் பணத்தை நல்ல உப்புக்கும் ஆர்.ஓ. நீருக்கும் செலவிடலாம்.

வகைகளில், மரத்தாலான காற்றுக்கல்லைக் கொண்டு குமிழி விடும் பழைய முறை மலிவானது. ஆனால் கல் அடைத்துக்கொண்டே இருக்கும். சில வாரங்களுக்கொருமுறை மாற்ற வேண்டும். இன்று பெரிதும் வழங்குவது ஊசிச்சக்கர முறை. பம்பின் சுழலியில் துடுப்புக்குப் பதில் சீப்புப் பல் போன்ற ஊசிகள் இருக்கும். அவை உறிஞ்சிய காற்றைப் பொடிப்பொடியாக அடித்துவிடும். வாங்கும்போது பம்பு எத்தனை லிட்டர் நீர் தள்ளும் என்று கேளாமல், மணிக்கு எத்தனை லிட்டர் காற்று உறிஞ்சும் என்று கேளுங்கள். தொட்டியின் பின்புறம் தொங்கவிடும் வகையும் உண்டு. சம்ப் வைக்க இடமில்லாதவர் அதனை நாடலாம். ஆனால் அது பொங்கினால் நுரை நேரே தரைக்கு வரும். சம்பில் வைக்கும் கருவி பொங்கினால் சம்புக்குள்ளேயே விழும். இந்த ஒரு காரணத்துக்காகவே, இடமிருப்பவர் சம்பில் வைப்பதைத் தேர்க. கடைக்குப் போகுமுன் ஒரு முழக்கோலால் சம்பின் உயரத்தையும், அடியலமாரியின் உள்ளுயரத்தையும், சம்பில் நீர் நிற்கும் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் இத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டும் என்ற விதி உண்டு. ஆழம் கூடினால் நுரை வழியும், குறைந்தால் ஏறாது. குடுவையை மேலே தூக்கிக் கழற்ற நாலு விரல் இடமாவது இல்லாவிட்டால், கழுவும் நாளில் வருந்த நேரும்.

அமெரிக்காவிலிருந்து வரும் மகனோ மருமகளோ பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் கருவிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அங்கே மின்சாரம் 60 சுழற்சி, இங்கே 50. மின்னழுத்தத்தை மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும், சாதாரண ஏ.சி. பம்பு ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடும், காற்றும் குறையும். டி.சி. பம்புடன் கூடியதாயின், அதன் அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருந்தால் கவலையில்லை.

மின்செலவு அச்சப்படத்தக்கதன்று. 15 வாட் கருவி மாதம் முழுதும் ஓடினால் 11 யூனிட்டுக்கும் குறைவு. மின்தடைதான் கவலைக்குரியது. சித்திரை, வைகாசிப் புயல்மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் சில மணி நேரம் இருள்தான். அப்போது மேல் தொட்டியின் நீர் சம்புக்கு இறங்கி மட்டம் உயரும். மின்சாரம் திரும்பியவுடன் ஸ்கிம்மர் அந்த உயர்ந்த மட்டத்தில் நின்று வெறி கொண்டதுபோல் பொங்கும். குடுவையில் பத்து நாளாகச் சேர்ந்த அழுக்கெல்லாம் ஒரே நொடியில் தொட்டிக்கே திரும்பும். இதற்குப் பரிகாரம் மூன்று. சம்பில் தனி அறை தடுத்து நீர்மட்டம் மாறாமல் செய்வது ஒன்று. மேல் தொட்டிக்கு நீர் ஏற்றும் பம்பு முதலில் ஓடி, ஐந்து பத்து நிமிடம் கழித்து ஸ்கிம்மர் ஓடுமாறு டைமர் வைப்பது மற்றொன்று. குடுவையை நிறைய விடாமல் அடிக்கடி கொட்டிவிடுவது மூன்றாவது, செலவில்லாதது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அதன் மின்சாரத்தை ஸ்கிம்மருக்குக் கொடாமல், நீர் சுழற்றும் பம்புக்குக் கொடுங்கள். இருளில் மீனை முதலில் கொல்வது அழுக்கன்று, மூச்சுத் திணறலே. 26 டிகிரி வெப்பமுள்ள கடல்நீர் லிட்டருக்கு ஏழு மில்லிகிராம் பிராணவாயுகூடத் தாங்குவதில்லை. இன்வெர்ட்டர் இல்லாதவர் பேட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வைத்தல் அவசியம். ஸ்கிம்மருக்குச் செலவிடும் தொகையில் இது ஒரு சிறு பகுதியே.

காற்றுக்குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்பதையும் கவனிக்க. கதவடைத்த அடுக்குமாடி வீட்டில் பலர் உறங்கும் இரவில் கரியமிலவாயு மிகும். அக்காற்றையே கருவி உறிஞ்சித் தொட்டியில் கலந்தால் நீரின் காரத்தன்மை இறங்கும். குழாயை நீட்டிச் சன்னலுக்கு வெளியே விட்டால் இது பெரிதும் சரியாகும். கொசுமருந்து தெளிக்கும் இடத்துக்கும், சாம்பிராணிப் புகைக்கும் அருகில் மட்டும் அவ்வாய் இருத்தல் கூடாது. கொசுமருந்துகளிற் பல மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு.

புதுக் கருவி முதல் நாளே நுரை தரவில்லை என்று கடைக்கு ஓட வேண்டாம். அதன் உட்சுவரில் உள்ள எண்ணெய்ப் பசை போய்ப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் கருவி திடீரென நுரை விட மறந்தால், எவரோ தலைக்கு எண்ணெய் தேய்த்த கையைத் தொட்டியில் விட்டிருக்கக்கூடும். சில மணி நேரத்தில் தானே தேறும். கழுத்தின் உட்புறம் படியும் பசையை மூன்று நான்கு நாளுக்கொருமுறை துணியால் துடைத்தல் வேண்டும். துடையாத கழுத்தில் நுரை ஏறாது. சில மாதங்களுக்கொருமுறை பம்பைக் கழற்றி, நீர் கலந்த வினிகரில் ஊறவைத்தால் சுண்ணாம்புப் படிவு கரைந்துவிடும். சோப்பு அறவே கூடாது. குடுவை நீரைத் துளசி மாடத்திலோ பூந்தொட்டியிலோ உரமென்று ஊற்றிவிடாதீர்கள்; அதில் உள்ள உப்பு செடியைக் கருக்கிவிடும். கழிவறையில் ஊற்றித் தண்ணீர் விடுக.